இலினோய்த் தேசாதிபதி ஆல்ற்கெல்ட்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் நாயன்மார் ஒருவரைப் பற்றியோ, நம் நாட்டுச் சமயப் பெரியார் ஒருவரைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இம்முறை நாம் அவ்வழக்கத்தைச் சிறிது மீறி, அமெரிக்க தேசத்து நியாயவாதி ஒருவரை எடுத்துக்கொண்டோம். தலைப்பைக் கேட்ட ஒரு பெரியவர், "சிக்காகோ என்றால் எங்களுக்கு விவேகானந்த சுவாமிகள் ஒருவர் போதுமே, தம்பி" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குவோம்.

சுவாமிகள் சிக்காகோவிலே சர்வமத மகாசபையில் எழுந்து நின்று பேசியது 1893 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 11 ஆம் திகதி. அந்நகரில் அவர் முதன்முதற் காலடி வைத்தது ஜூலை மாதக் கடைசியில். அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஜூன் 26 ஆம் திகதி, அந்நகரை உள்ளடக்கிய இலினோய் மாநிலத்தின் தேசாதிபதி மூன்று கடதாசிகளிற் கையொப்பமிட்டு, நாடு முழுவதினதும் வசைமொழிக்கு ஆளாகியிருந்தார். உலகக் கண்காட்சியின் தீப அலங்காரங்களுக்கு நடுவே அந்த ஒரு மனிதரை மாத்திரம் பத்திரிகைகள் பழித்துக்கொண்டிருந்தன. சுவாமிகளும் அவரும் சந்தித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே ஊரில் ஒரே கோடையில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஒன்றை நாம் நன்கறிவோம், மற்றதை அறியோம் என்பதே நமது பேச்சு.

அந்தத் தேசாதிபதியின் பெயர் ஜோன் பீற்றர் ஆல்ற்கெல்ட். தேசாதிபதி என்றதும் நம்மவர்க்கு முற்காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த துரைமார் நினைவுக்கு வருவர். அமெரிக்க மாநிலத் தேசாதிபதி அவ்வாறானவர் அல்லர். குடிகள் வாக்களித்து நான்கு வருடத்துக்கு இருத்துவார்கள். வேண்டாமென்றால் வாக்களித்தே இறக்கிவிடுவார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டாலன்றி இவருடைய கதை விளங்காது.

ஆல்ற்கெல்ட் ஜேர்மனியில் நீடர்செல்ற்றர்ஸ் என்னும் கிராமத்தில் 1847 டிசெம்பர் 30 ஆம் திகதி பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து ஒகாயோ மாநிலத்தில் மான்ஸ்பீல்ட் ஊருக்கு அயலிற் குடியேறினர். தகப்பனார் எழுத்தறியாத உழவர். மகன் பள்ளிக்கூடம் போவதை வீண் செலவென்று கருதியவர். 1864 இல், பதினாறு வயதில், உள்நாட்டுப் போரிற் சேர்ந்த பையன் தனக்குக் கிடைத்த சேர்மானப் பணத்தின் பெரும்பகுதியைத் தகப்பனாரிடமே கொடுத்துவிட்டான். போரிலிருந்து அவன் கொண்டுவந்த ஆஸ்தி ஒன்றுண்டு: உடலை விட்டு நீங்காத காய்ச்சல். அது இறுதிவரை அவரை வாட்டியது.

போரின் பின் எப்படியோ சிறிது படித்துப் பள்ளியாசிரியரானார். பிறகு கால்நடையாக மேற்கு நோக்கிப் புறப்பட்டு, புகையிரதப் பாதை போடும் கூலிவேலை செய்து, நோயாளியாய் மிசூரி மாநிலத்துச் சவன்னா என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே பள்ளிக்கூடத்திற் படிப்பித்துக்கொண்டே சட்டம் பயின்று, 1871 இல் நியாயவாதியாகி, 1874 இல் அக்கவுண்டியின் அரசாங்க வழக்கறிஞராகத் தெரிவு செய்யப்பட்டார். மறு வருடமே உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சிக்காகோவுக்குப் போனார். அங்கே அவரை அறிந்தவர் எவருமிலர். சில காலம் தமது கந்தோரிலேயே படுத்துறங்கினார். 1877 இல் எம்மா போர்ட் என்னும் ஆசிரியையை மணந்தார்.

வாலிபர்களுக்கு இவ்விடத்தில் உண்மையொன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். இவர் துறவியல்லர். காணி வாங்கிக் கட்டடம் கட்டி விற்று, பெரும் பணம் தேடியவர். சிக்காகோவில் பதினாறு மாடியுள்ள 'யூனிற்றி' கட்டடம் இவர் எழுப்பியதே. பதவி ஆசையும் இவருக்கு நிறைய உண்டு. தேர்தற் காலத்துத் தந்திரங்கள் யாவும் அறிந்தவர். பதவிக்கு வந்தபின் தம் கட்சிக்காரருக்கு உத்தியோகம் கொடுப்பதிற் பின்னிற்காதவர். குற்றமில்லாத மனிதரின் கதையைக் கேட்க விரும்புவோர் வேறிடம் போகலாம்.

ஆயினும் பணம் தேடுகிற அந்த நாளிலேயே, 1884 இல், அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தண்டனை இயந்திரமும் அதில் அகப்பட்டவர்களும் என்பது அதன் பொருள். சிறைச்சாலையின் உள்ளே போகிறவர் யார்? பெரும்பாலும் ஏழைகள், வீடற்றவர்கள், வாலிபர்கள், குற்றப்பணம் கட்ட வகையற்றவர்கள். கட்ட முடிந்தவன் வீட்டுக்குப் போகிறான். முடியாதவன் மறியலுக்குப் போகிறான். உள்ளே போனவன் திருந்தி வருவதில்லை, கெட்டு வருகிறான் என்று அதில் எழுதினார். அந்நூலைத் தம் கைக்காசில் அச்சிட்டு நீதிபதிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் போதகர்களுக்கும் அனுப்பினார். ஒகாயோவிலே ஒரு சின்ன ஊரில் அதை வாசித்த இளம் நியாயவாதி ஒருவர், எழுதியவரைக் காணவேண்டுமென்று சிக்காகோவுக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற கிளாறன்ஸ் டரோ.

இனி நடுக்கதைக்கு வருவோம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமே வேலை என்ற கோரிக்கையுடன் 1886 மே மாதம் முதலாந் திகதி அமெரிக்க நகரங்களிலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மே 3 இல் மக்கோமிக் இயந்திரத் தொழிற்சாலை வாசலிற் பொலிசார் தொழிலாளரைச் சுட்டனர். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கற் சதுக்கத்திலே கூட்டம் நடந்தது. சிக்காகோ மாநகர முதல்வர் கார்ற்றர் ஹரிசன் தாமே போய்க் கேட்டுக்கொண்டு நின்றார். கலகம் ஒன்றும் இல்லையென்று கண்டு, பொலிஸ் நிலையத்துக்கும் அப்படியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை தூறத் தொடங்கிச் சனங்களும் கலைந்துகொண்டிருந்தனர். கடைசிப் பேச்சாளர் பீல்டன் பேச்சை முடிக்கும் தறுவாயில், ஏறக்குறைய 180 பொலிசார் அணிவகுத்து வந்து கலைந்துபோகக் கட்டளையிட்டனர். அந்தச் சமயம் இருட்டுக்குள்ளிருந்து ஒரு வெடிகுண்டு வந்து விழுந்தது. பொலிசார் கண்டபடி சுட்டனர். பொலிசார் எழுவரும் பொதுமக்கள் சிலரும் மாண்டனர். குண்டை எறிந்தவன் யார் என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

எறிந்தவன் அகப்படாதபோது என்ன செய்வது? பேசியவர்களையும் எழுதியவர்களையும் பிடித்தார்கள். ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், ஏங்கல், லிங், பீல்டன், ஷ்வாப், நீபே என எண்மர். அரசே வேண்டாமென்னும் கொள்கையுடையோர். தமது பத்திரிகைகளிலே தீப்பொறி பறக்க எழுதியோர். அவர்களுடைய எழுத்தை நாம் இங்கே ஆதரித்துப் பேசவில்லை. பல இடங்களில் அது படிக்கக் கூசுவதுதான். ஆனால் குண்டு எறிந்த கையோடு அவர்களை இணைக்கும் சாட்சியம் எங்கே என்பதுதான் வழக்கு. பார்சன்ஸ் என்பவர் பொலிசார் கண்ணிற் படாமல் மறைந்திருந்தவர், விசாரணை தொடங்கும் நாளிலே தாமாகவே நீதிமன்றத்துக்குள் நடந்துவந்து தோழர்களோடு அமர்ந்துகொண்டார். அது குற்றவாளியின் நடையா என்பதை நீங்களே சிந்தித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு ஜூரிமாரைத் தெரிவதற்கு 21 நாட்கள் சென்றன. 981 பேரை விசாரித்தார்கள். இறந்த பொலிஸ்காரர் ஒருவரின் உறவினர் அவர்களுள் ஒருவர். இவர் ஜூரியாயிருக்கத் தகாதவர் என்று எதிர்த்தரப்பு முறையிட்டபோதும், நீதிபதி காரி அவரைத் தள்ள மறுத்தார். ஏற்கெனவே மனத்தில் முடிவு கட்டியிருக்கிறேன் என்று வாய்திறந்து சொன்னவர்களையும் ஜூரிமாராக ஏற்றுக்கொண்டார்கள். ஓகஸ்ற் 20 இல் தீர்ப்பு வந்தது: எழுவருக்குத் தூக்கு, நீபேக்குப் பதினைந்து வருட மறியல். மேல்நீதிமன்றங்களும் உறுதி செய்தன. 1887 நவம்பரிலே அப்போதைய தேசாதிபதி ஓகிள்ஸ்பி, கருணை வேண்டி விண்ணப்பித்த பீல்டனுக்கும் ஷ்வாப்புக்கும் ஆயுட்காலச் சிறையாக மாற்றினார். லிங் சிறைக்குள்ளே உயிரை மாய்த்துக்கொண்டார். மற்ற நால்வரையும் நவம்பர் 11 ஆம் திகதி தூக்கிலிட்டனர்.

அப்போது ஆல்ற்கெல்ட் எங்கே இருந்தார்? சிக்காகோவிலேதான் இருந்தார். அந்த 1886 ஆம் ஆண்டிலேயே அந்நகர உயர் நீதிமன்றொன்றுக்கு நீதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். கருணை வேண்டிப் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டபோது வாய் திறக்கவில்லை. இதை அவருடைய பகைவரிலும் பார்க்க நண்பர்களே அதிகம் சொல்லி வருந்தினார்கள். நாமும் அதை மூடி வைக்க வேண்டியதில்லை. ஆறு வருடம் அவர் மௌனமாயிருந்தார்.

1892 நவம்பர் தேர்தலில் அவர் இலினோய்த் தேசாதிபதியானார். அம்மாநிலத்தின் முதலாவது வெளிநாட்டுப் பிறப்புத் தேசாதிபதி அவரே. பதவியேற்பு நாளன்றே காய்ச்சல் மிகுந்து படுக்கையில் விழுந்தார். பதவிக்கு வந்ததும் மூவரையும் விடுவிப்பார் என்று டரோவும் பிறரும் ஆவலோடு காத்திருந்தனர். மாதங்கள் சென்றன. டரோ பொறுமையிழந்து கேட்டபோது, அவசரப்பட வேண்டாம், வழக்கின் கட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் நிரபராதிகளென்று கண்டால் இனியொரு நாளும் பதவி வகியாவிட்டாலும் விடுவிப்பேன் என்ற கருத்தில் மறுமொழி சொன்னாராம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, அன்பர்களே. மூவரையும் விடுவிப்பது அவ்வளவு அபாயமான காரியமன்று. ஆறு வருடத்துக்கு மேல் உள்ளேயிருந்துவிட்டார்கள், ஆத்திரமும் தணிந்துவிட்டது. அவர்களை விடும்படி சிக்காகோவின் செல்வர்கள், வங்கிக்காரர், நியாயவாதிகள் முதலாய் ஏராளமானோர் கையொப்பமிட்ட மனு மேசைமேல் இருந்தது. "பட்ட தண்டனை போதும், இரக்கத்தினால் விடுகிறேன்" என்று நான்கு வரி எழுதியிருந்தால், ஊரும் வாழ்த்தியிருக்கும், பதவியும் நிலைத்திருக்கும். ஆல்ற்கெல்ட் அதைச் செய்யவில்லை. ஒரு சிறு நூலளவுக்கு நியாயங்களை எழுதி அச்சிட்டு வெளியிட்டார். இவர்கள் குற்றவாளிகளாயிருந்தால் பட்டது போதுமென்று விடுவதற்கு எனக்கு உரிமையில்லை. ஆனால் முறைப்படி விசாரிக்கப்படவேயில்லை என்றால் இரக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவருடைய வாதம். ஜூரிமாரை வேண்டுமென்றே பொறுக்கினார்கள். அவர்களிற் பலர் தங்கள் வாய்ச்சொல்லாலேயே தகுதியற்றவர்கள். எறிந்தவன் இன்னானென்று தெரியாதபோது அவனுக்கு இவர்கள் புத்திமதி சொன்னார்கள் என்பது எப்படி? நீபேக்கு எதிரான சாட்சியம் போதாதென்று அரசாங்க வழக்கறிஞரே சொல்லியிருக்கிறாரே. நீதிபதியோ பட்சபாதமாய் நடந்தாரே. இப்படி ஒவ்வொன்றாக வழக்குக் கட்டின் பக்கங்களைக் காட்டியே எழுதிச் செல்கிறார்.

இரக்கம் கேட்டவர்க்கு நியாயம் கொடுத்தார். அதனாலேதான் ஊர் கோபித்தது. இரக்கம் கொடுத்தால் கொடுத்தவன் பெரியவன் ஆவான், தூக்கிலிட்டவனுக்கும் பழுதில்லை. நியாயம் கொடுத்தாலோ, நால்வரை வீணே கொன்றோம் என்பது அந்தக் கணமே எழுத்திலாகிவிடுகிறதன்றோ? கோவலனை விசாரியாமற் கொல்வித்த பாண்டியன் சிலம்புடைந்த மாத்திரத்தில் தன் பிழையறிந்து அரியணையிலேயே வீழ்ந்தான் என்று நாம் படித்திருக்கிறோம். சிக்காகோவிலே சிலம்பு உடைந்தது. வீழ்ந்தவர் மாத்திரம் உடைத்துக் காட்டியவர்.

அன்றைய தினம் நடந்ததைப் பின்னாளில் எழுதி வைத்திருப்பவர் பிறான்ட் விற்லொக் என்பவர். அப்போது அவர் மாநிலத் தலைநகரான ஸ்பிறிங்பீல்டில் இளம் எழுதுவினைஞர். மன்னிப்புப் பத்திரங்களை இரகசியமாகக் கையால் எழுதிக்கொடுத்தவர் அவரே. பத்திரங்களை வாங்கிச் சிறைச்சாலைக்குக் கொண்டு செல்ல வந்திருந்தவர் டிறையர் என்னும் சிக்காகோ வங்கிக்காரர். ஏழு வருடத்துக்கு முன் இந்த எண்மர் மீதும் குற்றப்பத்திரம் கொண்டுவந்த பெருஞ்ஜூரியில் அவரும் ஒருவர்! பிற்பாடு மனம் நொந்து விடுதலைக்காக உழைத்தவர். தேசாதிபதி கடதாசிகளை நீட்டியபோது அவருக்குப் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ஆல்ற்கெல்ட் அவரை அதிகம் பேசவிடாமல், புகையிரதம் தவறிவிடப் போகிறது, புறப்படுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஜொலியற் சிறைச்சாலையில் அன்று மாலையே மூவரும் வெளியே வந்தனர்.

பிறகு வந்தது புயல். பத்திரிகைகள் அவரை அராஜகன் என்றன, அந்நியன் என்றன, உடம்பில் அமெரிக்க இரத்தமே இல்லாதவன் என்றன. கைக்குழந்தையாக வந்து, பதினாறு வயதில் அந்நாட்டுக்காகத் துவக்கேந்தியவரைத்தான் அப்படிச் சொன்னார்கள். சில ஊர்களிலே கொடும்பாவி கட்டித் தூக்கிலிட்டார்கள். அவர் எழுதிய நியாயங்களுக்கு நியாயத்தாற் பதிலிறுத்தவர் மிகச் சிலர்.

பெரியோர்களிற் சிலருக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம், நமக்கும் எழுந்தது. நீதிபதி காரியை அவ்வளவு கடுமையாகத் தாக்க வேண்டியிருந்ததா? டரோ அவரை உயிருக்குயிராய் நேசித்தவர். அவருங்கூட, பழி முழுவதையும் அந்த ஒரு நீதிபதியின் தலையிற் சுமத்தியது சரியன்று என்று பின்னாளில் எழுதினார். ஊரெல்லாம் வெறிபிடித்திருந்த காலத்திலே நீதிபதி மாத்திரம் ஊருக்கு வெளியே இருந்தாரா என்பது அவர் கருத்து. அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். நீதியின் பொருட்டு எழுதிய கையிலும் கோபம் கொஞ்சம் இருந்திருக்கிறது.

அவருடைய ஆட்சியை இந்த ஒன்றை மாத்திரம் வைத்து அளக்கக்கூடாது. 1893 இலேயே தொழிற்சாலைச் சட்டமொன்றை நிறைவேற்றுவித்து, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வைத்திருப்பதைத் தடுத்தார். பெண்களுக்கு எட்டு மணித்தியால வேலை என்று அச்சட்டம் விதித்தது. அதைக் கண்காணிக்கும் தலைமைப் பரிசோதகராக புளோறன்ஸ் கெலி என்னும் பெண்மணியை நியமித்தார். பெண்ணுக்கு அத்தகைய உத்தியோகம் கொடுப்பது அந்நாளிற் புதுமை. எட்டு மணித்தியால விதியை 1895 இல் மாநில உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது; பிள்ளைகளைப் பற்றிய விதி நின்றது.

அடுத்த வருடம் புல்மன் வேலைநிறுத்தம். புல்மன் என்பவர் புகையிரத உறங்கறை வண்டி செய்யும் முதலாளி. தொழிலாளருக்கென்று ஒரு ஊரே கட்டி வீட்டு வாடகையும் தாமே வாங்கியவர். 1893 இன் வியாபார மந்தத்திற் கூலியைக் குறைத்தார், வாடகையைக் குறைக்கவில்லை. 1894 இல் வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவிப் புகையிரதங்கள் நின்றன. தேசாதிபதியைக் கேளாமலே ஜனாதிபதி கிளீவ்லண்ட் சிக்காகோவுக்கு மத்திய அரசின் படையை அனுப்பினார். மாநிலப் படை ஆயத்தமாயிருக்கிறது, எவரும் உதவி கேட்கவில்லை, மாநிலம் கேளாமற் படை அனுப்ப அரசியற் சட்டம் எங்கே இடங்கொடுக்கிறது என்று ஆல்ற்கெல்ட் நீண்ட தந்தி அனுப்பினார். கிளீவ்லண்டும் இவருடைய கட்சிக்காரரே! இந்த ஒரு தந்தியினால் எஞ்சியிருந்த நண்பரும் பகைவராயினர். வேலைநிறுத்தம் தோற்றபின் அவர் புல்மன் ஊருக்குத் தாமே போய் வீடு வீடாக ஏறி இறங்கி, பட்டினி கிடந்த குடும்பங்களைக் கண்டார். புல்மனுக்குக் கடிதம் எழிதிப் பார்த்து, பயனில்லாமற் போகவே பொதுமக்களிடம் உதவி கேட்டு அறிக்கை விடுத்தார்.

1896 தேர்தலில் தோற்றார். 1897 ஜனவரியிலே புதிய தேசாதிபதி பதவியேற்ற வைபவத்தில், விலகுகிறவர் பேசும் வழமையான உரைக்கும் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. எழுதி வைத்த உரை சட்டைப்பையிலேயே இருந்தது. அதே மாதத்திலேதான் விவேகானந்த சுவாமிகள் அமெரிக்கப் பயணத்தை முடித்துக் கொழும்பில் வந்திறங்கினார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பேசினார். ஒருவரைச் சனசமுத்திரம் எதிர்கொண்ட நாட்களில் மற்றவர் சிக்காகோவுக்குத் திரும்பிப்போனார். கட்டிய கட்டடங்கள் கையை விட்டுப் போயின. 'யூனிற்றி' கட்டடமும் போயிற்று. முன்னொருநாள் இவருடைய நூலை வாசித்துவிட்டுத் தேடிவந்த டரோவின் கந்தோரிலே சேர்ந்து வழக்குப் பேசினார். சிக்காகோ முதல்வர் பதவிக்கு 1899 இற் போட்டியிட்டு, அதிலும் தோற்றார்.

கடைசி நாள் வந்தது 1902 மார்ச் மாதத்தில். அப்போது தென்னாபிரிக்காவிலே போவர் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த யுத்தம் நமக்கும் அந்நியமானதன்று. பிடிபட்ட போவர் வீரர் ஏறக்குறைய ஐயாயிரம் பேரை நமது தியத்தலாவையில் முட்கம்பி வேலிக்குள் வைத்திருந்தார்களல்லவா? அவர்கள் பக்கம் நின்று ஆல்ற்கெல்ட் மார்ச் 11 ஆம் திகதி இரவு பேசினார். பேச்சை முடித்து மேடையை விட்டு நீங்கியதும் மயங்கி விழுந்தார். மறுநாட் காலை உயிர் பிரிந்தது. வயது 54. பேசிய ஊர் ஜொலியற். ஒன்பது வருடத்துக்கு முன் மூவருக்கும் சிறைக்கதவு திறந்த அதே ஊர்.

சிக்காகோப் பொது நூல்நிலையத்திலே உடலை வைத்தபோது, கடுங்குளிரிலும் ஆயிரமாயிரம் தொழிலாளரும் ஏழைகளும் வரிசையாய் வந்து பார்த்துப் போயினர். ஈமச் சடங்கில் டரோ பேசினார். ஜேன் அடம்ஸ் அம்மையாரும் பேசினார். ஸ்பிறிங்பீல்டிலே தேசாதிபதி மாளிகைக்கு அயல்வீட்டிற் சிறுவனாய் வளர்ந்த வேச்சல் லின்ட்சே பிற்பாடு கவிஞராகி, ஆல்ற்கெல்ட்டை மறக்கப்பட்ட கழுகு என்று பாடினார். 1915 இல் லிங்கன் பூங்காவிலே ஒரு சிலையும் எழுந்தது.

சிலையிலும் பார்க்க நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. தூக்கிலிடப்பட்டவர்களைச் சிக்காகோவுக்கு மேற்கேயுள்ள வால்ட்ஹைம் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவர்களுக்கொரு நினைவுச் சின்னம் திறந்து வைத்தது 1893 ஜூன் 25 ஆம் திகதி; மன்னிப்புப் பத்திரத்தில் மை உலர்ந்த நாளுக்கு முதல்நாள். மே முதலாந் திகதி ஊர்வலம் போகிறவர்கள், நம் நாட்டவரும் உட்பட, பெரும்பாலும் அந்த இடத்தை அறியார். சின்னத்தின் முன்புறத்தில் ஒரு பெண்ணுருவம், இறந்த தொழிலாளியின் தலையில் மாலை சூட்டி நிற்கிறது. பின்புறம் போய்ப் பார்ப்போர்க்கு ஒரு வெண்கலத் தகடு தெரியும். ஆல்ற்கெல்ட் எழுதிய நியாயங்களை அதிற் பொறித்திருக்கிறார்கள்.